பத்துச் சங்கிலிக்கு ஒரு கல்

பரளச்சி
12.2.1989

அன்புள்ள மதன்குமாருக்கு,

ஜாபேஸ் எழுதுவது. இதைப் பிரிக்காமலே நீ கிழித்துப் போட்டாலும் கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை. காளீஸ்வரி உனக்கு மட்டுமா தங்கச்சி? அவள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் நான் பாளையங்கோட்டை மைதானத்தில் அரைக்கால் சட்டையோடு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இரண்டு தேதியும் ஒன்றாக வந்து தொலைத்தது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம், ஆறு மாதமாகக் காத்திருந்தது. ஜெயித்துவிட்டு மறுவீட்டு விருந்துக்கு வந்து உன் அம்மா காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். ஜெயித்தால்தானே வருவதற்கு.

நடந்ததைச் சொல்கிறேன், உனக்காவது புரிகிறதா பார். மொத்தம் இருபத்தைந்து சுற்று. பத்தாவது சுற்று வரைக்கும் நன்றாகத்தான் ஓடினேன். பன்னிரண்டாவதில் இரண்டு கல்லூரிப் பையன்கள் என்னை ஒரு முழுச் சுற்று தாண்டிப் போனார்கள். கடைசியில் சுற்று எண்ணுகிறவரே குழம்பிப் போய், "சார், நீங்க முடிச்சிட்டீகளா, இன்னும் இருக்கா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கே தெரியவில்லை. முடித்தபோது நாற்பத்திரண்டு நிமிடம்.

நம்முடைய கண்மாய்க் கரையில் இதே பத்தாயிரத்தை நான் முப்பத்தெட்டு நிமிடத்துக்குள் ஓடுகிறவன். நீயே கடிகாரம் பிடித்திருக்கிறாய். பாதையும் நீ அளந்ததுதான். தாலுகா ஆபீஸ் சர்வே சங்கிலியை ஒரு ஞாயிற்றுக்கிழமை ரகசியமாகக் கொண்டுவந்து, இருபது மீட்டர் சங்கிலியைப் பத்துத் தடவை இழுத்தால் இருநூறு மீட்டர், அதற்கு ஒரு கல் என்று மடையிலிருந்து சோளக்காடு வரைக்கும் இருபத்தைந்து கல் நட்டாயே. போக ஐயாயிரம், வர ஐயாயிரம். அரசாங்கச் சங்கிலி பொய் சொல்லாது. அப்படியென்றால் நான்தான் பொய்.

இது முதல் தடவையும் இல்லை. விருதுநகரில் மூவாயிரம் ஓடியபோது பதினோரு நிமிடம் ஆனது, கரையில் பத்து நிமிடத்துக்கும் குறைவு. மதுரையில் ஐயாயிரத்துக்கு இருபது நிமிடம், கரையில் பதினெட்டு. சாப்பாடு சரியில்லை, தூக்கம் சரியில்லை, கான்வாஸ் ஷூ கடித்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தேன். இந்தத் தடவை ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கடைசிச் சுற்றில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வரியாவது எழுது.

ஜாபேஸ்


அரூர் முகாம்
21.2.1989

ஏலே ஜாபேசு,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நாலைந்து நாள் உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். அம்மா பந்தியில் எல்லாரையும் விட்டுவிட்டு, "வாத்தியாரு எங்கய்யா, பரளச்சியில இருக்க வாத்தியாருக்கு பஸ்ஸு இல்லியா?" என்று என்னிடம்தான் நாலு தடவை கேட்டாள். உனக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அதனால் நீ அடுத்த தடவை அவளைப் பார்க்கும்போது காய்ச்சலில் கிடந்த முகத்தோடு போ.

வராதவன் ஜெயித்தாவது தொலைத்திருக்கலாம். கல்யாணத்தையும் விட்டு, கப்பையும் விட்டு என்ன ஓட்டம் அது?

இங்கே எனக்கும் ஒன்றும் சுகமில்லை. மறு நில அளவை என்று இந்த மலையடிவாரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். பகலெல்லாம் சங்கிலி தூக்கி, சாயங்காலம் கூடாரத்தில் படுத்துக்கொண்டு நம் கரையில் ஓடுவதை நினைத்துக்கொள்கிறேன். நீ ஓடுவதைத்தான். எனக்கு எப்போதும் உட்கார்ந்து கடிகாரம் பிடிக்கிற வேலைதானே.

உன் நோய் எனக்குத் தெரிந்ததுதான். பத்துப் பேர் முன்னால் நிறுத்தினால் உனக்குக் கை கால் ஆடும். பள்ளி ஆண்டுவிழாவில் நன்றியுரை சொல்ல மேடையேறி, தலைமையாசிரியர் பெயரையே மறந்தவன்தானே நீ. கரையில் பார்க்கிறது ஆடும் மாடும், அதனால் வேகம் வருகிறது. வேறு ஒன்றும் இல்லை. நெஞ்சாவது கதவாவது.

அந்தக் கரையை ரொம்பப் புகழாதே. கரை கரைதான், மைதானம் மைதானம்தான்.

மதன்


பரளச்சி
12.3.1989

அன்புள்ள மதன்,

நீ எழுதியதும் பாதி உயிர் வந்தது. மீதிக்கு மதுரைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். இ.சி.ஜி. எடுத்துவிட்டு, "குதிரை மாதிரி இருக்கீங்க, போய்ட்டு வாங்க" என்றார். சந்தோஷமாக பஸ் ஏறினேன். திருமங்கலம் தாண்டுகிறபோது ஞாபகம் வந்தது, என் அப்பாவுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

அப்பாவைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. தாவீதுராஜ் என்றால் திருச்சுழியில் எல்லாருக்கும் தெரியும், தபால் பையோடு ஒரு நாளைக்கு இருபது மைல் சைக்கிள் மிதித்தவர். கொஞ்ச நாளாக எதிர்காற்றே இல்லாத நாளிலும் மிதிக்க நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் ஒன்றும் இல்லை என்றார். பதினைந்தாம் நாள் பஸ் ஸ்டாண்டு முன்னால் சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். அவருக்கு முப்பத்தெட்டு. அம்மாவுக்கு முப்பத்தொன்று. அம்மா வெள்ளைச் சேலையோடு எங்களை வளர்த்ததைப் பார்த்துத்தான் நான் ஆளானேன். என் அம்மா ஜெயசெல்வி சிரித்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் பார்த்ததில்லை.

எனக்கும் இப்போது நேரமாகிறது, மதன். அதுதான் என்னை அரிக்கிறது.

மே பத்தாம் தேதி கல்யாணம் என்று முடிவாகியிருக்கிறது. பெண்ணை உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற இவாஞ்சலின். ஈஸ்டர் கழிந்து ஏப்ரலில் மூன்று ஞாயிறு கோயிலில் எங்கள் கல்யாண ஓலையை வாசிப்பார்கள். இந்த இருவருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் சபையைக் கேட்பார். அவளை நான் இன்னொரு ஜெயசெல்வியாக்கப் போகிறேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளிடம் சொல்வதா, வேண்டாமா?

காலையில் இன்னும் ஓடுகிறேன். ஊர்க்காரர்கள் "எங்கய்யா தீப்பிடிச்சிருக்கு?" என்று கேட்பது பழகிவிட்டது. நேற்றும் ஐயாயிரம் பதினெட்டு நிமிடம். கரையில் நான் நன்றாக இருக்கிறேன், வெளியே போனால் சாகிறேன். இதற்கு என்ன அர்த்தம்? நீ அளவு படித்தவன், சொல்.

ஜாபேஸ்


அரூர் முகாம்
20.3.1989

ஜாபேசு,

உன் அப்பா விஷயம் படித்தேன். இத்தனை வருடம் பழகியும் இதைச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. அப்புறம் நானும் உன்னிடம் சொல்லாதது உண்டு என்று தோன்றியது, கோபம் போய்விட்டது.

கொஞ்ச நாளைக்கு அந்தக் கரையில் ஓடாதே. கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் போடு. ஓட்டத்தையே விட்டால்கூட ஒன்றும் குடி முழுகிப் போகாது. உன்னிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டும், கடிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை. கல்யாணத்துக்கு வாரேன், அப்போது நேரில் பேசலாம். அதுவரைக்கும் சும்மா இரு.

சர்வேயர் கூப்பிடுகிறார், இத்தோடு நிறுத்துகிறேன்.

மதன்


பரளச்சி
9.4.1989

அன்புள்ள மதன்,

உன் கடிதத்தை இருபது தடவையாவது படித்திருப்பேன். மற்ற எல்லாரும் ஓடாதே என்று சொல்லியிருக்கிறார்கள், நீ மட்டும் சொன்னதில்லை. கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டு எனக்குக் கடிகாரம் பார்த்தவன் நீ. நீயே விட்டுவிடு என்கிறாய், கடிதத்தில் எழுத முடியாத சங்கதி இருக்கிறது என்கிறாய். என் முகத்தில் நீ எதையோ பார்த்திருக்கிறாய். புரிந்துகொண்டேன். நீ நல்லவன், எழுத மனம் வரவில்லை.

ஓட்டத்தை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. உடம்பு இன்னும் கனக்கிறது.

போன ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள், இன்று இரண்டாவது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆராதனை முடிந்ததும் நான் போதகர் அறைக்குப் போய், மூன்றாவதை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தனக்குத்தானே ஆட்சேபணை சொன்ன மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். காரணம் கேட்டார். உடம்பு என்றேன். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

இவாஞ்சலினுக்கு நாலு வரி எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை, வேறு நல்ல இடம் பாருங்கள் என்று. காரணத்தை விளக்கி எழுதினால் அவள் இரக்கப்பட்டு வந்துவிடுவாள், அது கூடாது. நான் செய்தது சரிதானே? சரி என்று ஒரு கார்டு போடு. கோயிலிலிருந்து வந்தது முதல் வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை.

ஜாபேஸ்


அரூர் முகாம்
13.4.1989

ஏலே மடப்பயலே,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. உனக்கு ஒன்றும் இல்லை. உன் நெஞ்சு நன்றாக இருக்கிறது. கெட்டது என் புத்திதான்.

அந்தக் கரையை நான் அளக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீரசோழனில் என் சிநேகிதன் வீட்டுக் கல்யாணம், பிரியாணி. நீ உங்கள் கோயிலுக்குப் போயிருந்தாய். சங்கிலியைக் கரையோரக் காட்டுக்காரர் சங்கையாவிடமும் அவர் சம்சாரம் சந்தனம்மாளிடமும் கொடுத்து, பத்து இழுப்புக்கு ஒரு கல் போடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தேன், இருபத்தைந்து கல்லும் சுண்ணாம்பு பூசி வரிசையாக நின்றது. நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். நான் அளக்கவில்லை என்று அப்போது சொல்ல வாய் வரவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மூவாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம், மூன்றிலும் கரைக்கும் மைதானத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. நெஞ்சு கெட்டவன் ஒவ்வொரு தடவையும் கணக்கு வாத்தியார் மாதிரி ஒரே விகிதத்திலா தளர்வான்? நம் பாதைதான் பத்தில் ஒன்று குறைவு. நீ ஐயாயிரம் என்று ஓடியது நாலாயிரத்து ஐந்நூறு. எப்படிக் குறைந்தது என்று எனக்குத் தெரியாது, சங்கிலி நல்ல சங்கிலி. சங்கையாவைத்தான் கேட்க வேண்டும்.

தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அளவுக்காரன் என்று நீ ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசியிருந்தாய். அதோடு நீ தங்கச்சி கல்யாணத்துக்கு வராத கோபம், கொஞ்சம் திணறட்டும் என்று விட்டேன். நெஞ்சு என்று நீ எழுதியதும் பயந்துபோய், ஓட்டத்தை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று பூசி மெழுகினேன். அது இப்படிப் போய் முடியும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போ. அவளிடமே கொடு. என் பெயர் கெட்டால் கெடட்டும்.

மதன்


பரளச்சி
19.4.1989

மதன்,

அன்புள்ள என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதற்கு முந்தின நாள்தான் மூன்றாம் ஓலை வாசிக்காமல் போனது. எல்லாரும் திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தார்கள். என்னுடைய அம்மா நேராகச் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் கடிதத்தோடு நேரே சங்கையா காட்டுக்குப் போனேன். அவரும் சந்தனம்மாளும் கொத்தமல்லிச் செடியை அடித்து விதை உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம், எழுந்து நின்று செய்தே காட்டினார். களத்தில் கம்பு அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு. இங்கேயும் அப்படியேதான். ஒவ்வொரு கல்லுக்கும் சங்கிலிக் கைப்பிடியைத் தரையில் தொட்டு லாபம் என்றார்கள். அப்புறம்தான் இழுத்தார்கள். முதல் இழுப்புக்கு ரெண்டு, அடுத்ததற்கு மூன்று. பத்து என்றதும் கல். இழுத்தது ஒன்பதே தடவை.

"கம்பு அளக்கையில லாபத்துக்கும் ஒரு மரக்கால் விழுமே, அண்ணே?" என்று கேட்டேன்.

"கம்பு விழும். இது வெறுந்தரை, இதுல என்னத்த அள்ளிப் போட? தொட்டு லாபம் சொன்னாப் போதாதா?" என்றார்.

சந்தனம்மாள், "ஒரு கல்லுக்குக்கூட லாபம் சொல்லாம வைக்கல, சார்" என்றாள் பெருமையாக. அந்த இரண்டு பேரையும் என்ன சொல்லித் திட்டுவது? கும்பிட்டுவிட்டு வந்தேன். வரப்பில் வரும்போது சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நான் சாகப் போவதில்லை. ஜெயிக்கப் போவதும் இல்லை. ஒன்றரை வருடமாக இந்தத் தாலுகாவிலேயே வேகமானவன் என்று மனதுக்குள் நடந்துகொண்டிருந்தேன், அதுவும் போயிற்று.

நேற்று அருப்புக்கோட்டை போனேன். டைப்ரைட்டிங் நிலையத்தில் பத்துப் பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள், நான் வாசலில் நின்றதும் பத்து மிஷினும் நின்றது. இவாஞ்சலின் வெளியே வந்தாள். உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முழுதும் படித்தாள், திரும்பவும் படித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து, வருகிற ஞாயிறு ஓலை வாசிக்கச் சொல்லிவிடவா என்று கேட்டேன்.

"சங்கிலி தப்புன்னு தெரிஞ்சதால வந்திருக்கீக. நெசமாவே நெஞ்சு கெட்டிருந்தா வந்திருப்பீகளா?" என்றாள்.

கடிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

"யோசிச்சு வந்து சொல்லுங்க. அதுக்குப் பெறவு ஓலையப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆமாம், வந்திருப்பேன் என்று சொன்னால் அவள் நம்புவாளா? இல்லை என்று சொன்னால் என்னோடு எப்படி வாழ்வாள்? எது சொன்னால் அவள் இருப்பாள், மதன்? உன்மேல் கொள்ளைக் கோபத்தில் இருக்கிறேன். ஆனாலும் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஜாபேஸ்


அரூர் முகாம்
22.4.1989

ஜாபேசு,

எனக்குத் தெரியாது. தெரியாது என்று முதல் தடவையாக உனக்கு எழுதுகிறேன், முன்பே எழுதியிருக்கலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நல்லதாகப் படுமே என்று நான் ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டு வைத்தேன், அது உன் கல்யாணம் வரைக்கும் வந்து நின்றது. அந்தப் பெண்ணிடம் உள்ளதைச் சொல். அவள் போனாலும் உள்ளதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

லாபக் கதையை இங்கே சர்வேயரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தானும் பழைய அளவுகளை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் கேட்கவில்லை.

மதன்


பரளச்சி
30.4.1989

அன்புள்ள மதன்,

வியாழக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். "வந்திருக்க மாட்டேன். அம்மாவப் பாத்து வளந்தவன் நான், உன்ன அப்படிப் பாக்கப் பயந்து ஓடித்தான் போயிருப்பேன்" என்றேன். அவள் கண் கலங்கியது போலிருந்தது. உள்ளே போனாள், மிஷின்கள் மறுபடியும் தட்ட ஆரம்பித்தன. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நிற்கப் பிடிக்காமல் டவுனிலிருந்து பாதித் தூரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடியே வந்தேன். எத்தனை நிமிடம் என்று பார்க்கவில்லை.

இன்று காலை ஆராதனையில் போதகர் எழுந்து எங்கள் மூன்றாவது ஓலையை வாசித்தார். நான் கேட்கவும் இல்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் இவாஞ்சலின், அவள் அப்பாவோடு. அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸுக்கே வந்து, ஓலையை வாசிக்கச் சொல்லிப் போதகரிடம் அவர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அவளிடம் போய், ஏன் என்று கேட்டேன்.

"ஆமா வந்திருப்பேன்னு பொய் சொல்வீக, அப்ப வேண்டாம்னு சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீங்க உள்ளதச் சொல்லிட்டீக" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். பிறகு கேட்டாள், "நாளைக்கு நெசமாவே நெஞ்சு வலிச்சா மொதல்ல யார்கிட்ட சொல்லுவீக?"

நான் யோசிக்காமல், "மதன்கிட்ட" என்று சொல்லிவிட்டேன். பழக்க தோஷம். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவுகளுக்குக் கடுதாசி போய்ச் சேர நாலு நாளாவும். நான் பக்கத்துலதான இருப்பேன்" என்றாள்.

பத்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. நீ ஒன்பதாம் தேதியே அம்மாவையும் காளீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு.

ஜாபேஸ்